நாலு விநாடியில் திணறும் கேமரா: 300 எம்பி கார்டு வாங்கலாமா?

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

"நிக்கான் டி7500, 200-500 லென்ஸ் வைத்திருக்கிறேன். கூந்தன்குளத்தில் நாரை கூட்டுக்கு இறங்கும்போது ஷட்டரை அழுத்திப் பிடித்தால் நாலைந்து விநாடிதான் ஓடுகிறது. அப்புறம் கேமரா திணறித் திணறி ஒவ்வொரு படமாக எடுக்கிறது. ஜேபெக்கில் இல்லை, ரா ஃபைலாகத்தான் எடுக்கிறேன். கார்டு, போனுக்காக வாங்கிய 128 ஜிபி மைக்ரோ எஸ்டி. அடாப்டரில் போட்டிருக்கிறேன். மேலே விநாடிக்கு 150 எம்பி (மெகாபைட்), ஏ1, யு எழுத்துக்குள் 1 என்றெல்லாம் இருக்கிறது. கடையில் கேட்டால் 300 எம்பி கார்டு போடுங்கள், சரியாகிவிடும் என்கிறார்கள். விலை பல மடங்கு. வாங்கலாமா? படத்தின் தரமும் கூடுமா?"

வாங்காதீர்கள். கார்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அந்த 300 கார்டுக்கு அல்ல. தரம் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. சென்சார் பிடித்ததை அப்படியே வாங்கி வைக்கிற பெட்டிதான் கார்டு. மெதுவான கார்டில் விழுந்த படமும் வேகமான கார்டில் விழுந்த படமும் ஒரே படம்.

300 எம்பி கார்டு ஏன் வேண்டாம் என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். அதைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். தங்க நிறத்தில் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். சாதாரண எஸ்டி கார்டில் ஒரே வரிசைதான். இரண்டு வரிசை உள்ளது யுஎச்எஸ்-2, ஒரு வரிசை உள்ளது யுஎச்எஸ்-1. இரண்டும் எஸ்டி கார்டின் இணைப்பு வேகத் தரங்கள். கார்டின் முகப்பில் ரோமன் எண்ணாக ஒரு கோடோ இரண்டு கோடோ சின்னதாகப் போட்டிருப்பது இதைத்தான். அந்த 300 வேகம் முழுக்க இரண்டாவது வரிசை வழியாகப் போகிறது. டி7500-இன் ஸ்லாட் யுஎச்எஸ்-1. இரண்டாவது வரிசையைத் தொடுவதற்கு உள்ளே ஒன்றுமே கிடையாது. கார்டு வேலை செய்யும், ஆனால் ஒற்றை வரிசைக் கார்டாகத்தான். கொடுத்த காசில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். விலை உயர்ந்த யுஎச்எஸ்-2 கார்டுகளில் சில, பழைய ஸ்லாட்டில் போட்டால் நல்ல யுஎச்எஸ்-1 கார்டைவிட மெதுவாகவே எழுதுவதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் 150-க்கு வருவோம். அது படிக்கும் வேகம். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை இழுக்கும்போது கிடைப்பது. கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது அநேகமாக எப்போதும் முதலாவதுதான். இரண்டாவது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், இல்லாமலும் போகும். அந்த 150-லேயே இன்னொரு சூட்சுமம் உண்டு. யுஎச்எஸ்-1 தரத்தின் உச்ச வேகமே விநாடிக்கு 104 எம்பி. அதைத் தாண்டி 150, 170, 200 என்று போடுகிற நிறுவனங்கள் தங்கள் சொந்த முறையில் அந்த வேகத்தை எடுக்கின்றன. அதற்கு அந்த முறை தெரிந்த கார்டு ரீடர் வேண்டும். உங்கள் கேமராவுக்கு அந்த பாஷை தெரியாது.

நம்ப வேண்டியது அந்தச் சின்னக் குறிகளை. அவை 'எவ்வளவு வேகம் போகும்' என்பதைச் சொல்லாது, 'இதற்குக் கீழே இறங்காது' என்பதைச் சொல்லும். சி எழுத்துக்குள் 10 என்றாலும் யு எழுத்துக்குள் 1 என்றாலும் விநாடிக்கு 10 எம்பி. யு3, வி30 இரண்டும் 30 எம்பி. வி60, வி90 என்றால் அந்தந்த எண்ணே கணக்கு. ஏ1, ஏ2 போன்றவை போனில் ஆப் ஓட்டுவதற்கான குறிகள், கேமராவில் அவற்றுக்கு வேலையில்லை. பழைய கார்டுகளில் 633எக்ஸ், 1000எக்ஸ் என்று இருக்கும். ஒரு எக்ஸ் என்பது அந்தக் கால சிடி டிரைவின் வேகமான 150 கேபி. பெருக்கினால் 633எக்ஸ் 95 எம்பி ஆகும். அதுவும் படிக்கும் வேகம்தான்.

ஆக, 150 என்று பெரிதாகப் போட்ட உங்கள் கார்டு எழுதுவதற்கு உத்தரவாதம் தருவது 10 எம்பி. நடைமுறையில் 20, 30 எழுதலாம். நீங்கள் சொல்கிற நாலைந்து விநாடிக் கணக்கும் அதோடு ஒத்துப்போகிறது. எப்படி என்று பார்ப்போம்.

பாட்டிலில் எண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அகன்ற வாய், கீழே ஒடுங்கிய குழாய். கேமராவுக்குள் இருக்கும் பஃபர் என்கிற தற்காலிக நினைவகம் அந்த வாய், கார்டு அந்தக் குழாய். குழாய் இறக்குவதைவிட வேகமாக ஊற்றிக்கொண்டே இருந்தால் வாய் நிரம்பும். எண்ணெய் என்றால் வழியும். கேமரா வழிய விடாது, ஊற்றுகிற கையைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் நீங்கள் பார்க்கிற திணறல்.

டி7500 விநாடிக்கு 8 படம் எடுக்கும். 14 பிட் ரா (சென்சார் பிடித்ததை ஜேபெக் ஆக்காமல் வைக்கிற ஃபைல்; பிட் கூடினால் நிறநுணுக்கம் கூடும்) ஒன்று சுமார் 25 எம்பி. அப்படியென்றால் மேலிருந்து விநாடிக்கு 200 எம்பி ஊற்றுகிறோம். பஃபரில் 800 எம்பி இடம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கார்டு 20 எம்பி எழுதினால், விநாடிக்கு 180 எம்பி தேங்கும். நாலரை விநாடியில் நிரம்பிவிடும், சுமார் 35 படம். அதற்குப் பிறகு ஒரு படத்துக்கு ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். பஃபர் முழுக்கக் காலியாக 40 விநாடி. அதற்குள் நாரை இறங்கி, குஞ்சுக்கு ஊட்டி, திரும்பப் பறந்தும் போயிருக்கும்.

இதே கேமராவில் நல்ல யுஎச்எஸ்-1 கார்டு ஒன்றைப் போட்டால் 70, 80 எம்பி எழுதும். 75 என்று வைத்தால் ஆறு விநாடிக்கு மேல் தாங்கும், 50 படம். நிக்கானே இந்த மாடலுக்கு 14 பிட் ராவில் தொடர்ச்சியாக 50 படம் என்றுதான் சொல்கிறது. நிரம்பிய பிறகும் விநாடிக்கு மூன்று படம் வந்துகொண்டிருக்கும், காலியாகப் பத்துப் பதினோரு விநாடி போதும். 35-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, 40 விநாடிக்கும் 11 விநாடிக்கும் உள்ள வித்தியாசம்தான் களத்தில் பெரிது. வேகமான கார்டின் உண்மையான லாபம் ஒரே மூச்சில் எடுக்கும் முதல் படங்களில் தெரியாது, அடுத்த பறவைக்குக் கேமரா தயாராகிற நேரத்தில் தெரியும்.

இந்தப் பாடத்தை நான் கற்றது ஒரு கல்யாணத்தில். இரண்டு கார்டு போடுகிற கேமரா. ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்திருந்தேன். முதல் ஸ்லாட்டில் வேகமான கார்டு. இரண்டாவதில், பையில் கையை விட்டபோது அகப்பட்ட ஏதோ ஒரு பழைய கார்டு. கெட்டிமேளம் என்று குரல் வந்ததும் அழுத்தினேன். முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு வரை எல்லாம் விழுந்தன. நாத்தனார் குனிந்து மூன்றாவது முடிச்சைப் போடும்போது ஷட்டர் நின்றுவிட்டது. அழுத்துகிறேன், அசையவில்லை. அட்சதை என் தலையிலும் விழுகிறது. "அண்ணே, எடுத்தாச்சா?" என்று உதவிக்கு வந்த பையன் கேட்கிறான். இரண்டு கார்டிலும் சேர்த்து எழுதும்போது மெதுவான கார்டின் வேகம்தான் கேமராவின் வேகம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஸ்லாட்டுகளே வெவ்வேறு வேகத்தில் இருப்பதும் உண்டு. சோனி ஏ7 மார்க் 3-இல் முதல் ஸ்லாட் யுஎச்எஸ்-2, இரண்டாவது யுஎச்எஸ்-1. டி7500-இல் இருப்பதே ஒரு ஸ்லாட் என்பதால் உங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. (அதற்கு முந்தைய டி7200-இல் இரண்டு இருந்தன. ஏன் ஒன்றைப் பிடுங்கினார்கள் என்று புலம்பாத டி7500-காரரை நான் பார்த்ததில்லை.)

சரி, என்ன வாங்குவது? முழு அளவு எஸ்டி கார்டு, யுஎச்எஸ்-1, வி30 குறி உள்ளது, எழுதும் வேகம் 90 எம்பி அல்லது அதற்கு மேல் என்று அச்சிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ தெளிவாகச் சொல்லியிருப்பது. 128-இல் ஒன்று வாங்குவதற்குப் பதில் 64-இல் இரண்டு வாங்குங்கள். ஒற்றை ஸ்லாட் கேமராவில் எல்லாப் படத்தையும் ஒரே கார்டில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவது எனக்குப் பிடிக்காத பழக்கம். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போடுவதையும் விட்டுவிடுங்கள். வேகத்துக்காக இல்லை. அடாப்டர் என்றால் தேய்ந்து போவதற்கு இன்னொரு இணைப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

வாங்கியதும் போலியா என்று சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லும். 64 என்று போட்டு உள்ளே 8 மட்டும் இருந்தால் அகப்பட்டுவிடும். பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் படங்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்த பிறகு, கம்ப்யூட்டரில் டெலீட் செய்யாமல் கேமராவில் ஃபார்மட் செய்வதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

காசு செலவில்லாத வழியும் உண்டு, புதுக் கார்டு வருவதற்கு முன்பே செய்யலாம். ரா பதிவு மெனுவில் 14 பிட்டை 12 பிட் ஆக்கி, கம்ப்ரெஸ்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். 25 எம்பி ஃபைல் 20-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மேலே ஊற்றுவதே குறைகிறது. 500 எம்எம்மில் பறவைக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800-க்குக் குறைந்து நீங்கள் எடுக்கப்போவது அபூர்வம், அந்த ஐஎஸ்ஓவில் 12-க்கும் 14-க்கும் வித்தியாசத்தை என்னால் கண்ணால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், பஃபரை நிரப்புவதில் அதை மிஞ்ச ஆளில்லை. லென்ஸ் தரும் வளைவைத் தானே சரிசெய்கிற ஆட்டோ டிஸ்டார்ஷன் கண்ட்ரோலும் அப்படியே.

விரலையும் கொஞ்சம் அடக்க வேண்டும். நாரை தூரத்தில் வட்டமடிக்கும்போதே அழுத்த ஆரம்பித்தால், கால்களைக் கீழே தொங்கவிட்டு இறக்கையை விரிக்கிற அந்த ஒன்றரை விநாடி வரும்போது பஃபரில் இடம் இருக்காது. கால் தொங்குகிற வரை ஃபோகஸை மட்டும் ஓட்டிக்கொண்டு பொறுத்திருங்கள். நாலு நாலு படமாக விட்டு விட்டு அழுத்தினால் இந்தப் பழைய கார்டே ஓரளவு ஈடுகொடுக்கும்.

வீடியோவில் கதை வேறு. மெதுவான கார்டு என்றால் ஃபோட்டோவில் காத்திருக்கலாம், வீடியோவில் பதிவே நின்றுவிடும். உங்கள் கேமராவின் 4கே வீடியோ 144 மெகாபிட். இது பிட், பைட் அல்ல. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 18 எம்பி. யு1 கார்டு தரும் 10 எம்பி உத்தரவாதம் அதற்குப் போதாது, வி30 தாராளமாகப் போதும். வி60, வி90 எல்லாம் 400 மெகாபிட், அதற்கு மேல் பதிகிற கேமராக்காரர்களின் கவலை.

அந்த 300 கார்டுக்கு எங்கேயுமே வேலையில்லை என்று சொல்ல மாட்டேன். யுஎச்எஸ்-2 ரீடர் இருந்தால், இரண்டாவது வரிசை அங்கே உயிர் பெறும். 64 ஜிபியைக் கம்ப்யூட்டருக்கு இறக்க 90 எம்பி வேகத்தில் 12 நிமிடம் ஆகும், 250-இல் நாலு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் இப்போது நீங்கள் பயன்படுத்துவது பழைய யுஎஸ்பி 2.0 ரீடர் என்றால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். எந்தக் கார்டைப் போட்டாலும் 35 எம்பியைத் தாண்டாது, அரை மணி நேரம் உட்கார வைத்துவிடும். நாளைக்கே கேனான் ஆர்10 போல யுஎச்எஸ்-2 ஸ்லாட் உள்ள கேமராவுக்கு மாறினால் அப்போது அந்தக் கார்டை வாங்குங்கள். அதன் தம்பி ஆர்50-க்கு மாறினால் அதற்கும் வேண்டாம், அதில் யுஎச்எஸ்-1தான்.

கடைசியாக, காசை எடுப்பதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை. ஷட்டரைப் பாதி அழுத்தினால் வியூஃபைண்டரில் 'ஆர்' எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் தெரியும், பஃபரில் இன்னும் எத்தனை படத்துக்கு இடம் என்று அர்த்தம். மேனுவல் ஃபோகஸ், ஷட்டர் 1/1000 வைத்து வாசல் வேப்ப மரத்தைப் பார்த்து அழுத்துங்கள். லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு எடுத்தால் கணக்குத் தப்பும், வெறும் கறுப்புப் படம் சுருங்கிச் சின்ன ஃபைலாகிவிடும். எண் பூஜ்யமாகி ஷட்டர் சத்தம் தடுமாறுகிற இடத்தில் விரலை எடுத்துவிட்டு, எத்தனை படம் விழுந்தது என்று எண்ணுங்கள். பின்பக்கம் கார்டு விளக்கு அணைய எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். அது அணைகிற வரை கார்டையோ பேட்டரியையோ தொட வேண்டாம், இன்னும் எழுதாத படங்கள் போய்விடும். நண்பர் யாரிடமாவது வி30 கார்டு இருந்தால் கடன் வாங்கி இதையே இன்னொரு முறை செய்து பாருங்கள். 40 விநாடி பத்துப் பதினைந்தாக இறங்கினால் கடைக்குப் போகலாம்.