முகம் சிவக்கும் நண்பர்

அன்புள்ள ஐயா,

யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் ஜப்பானிய நண்பருக்குக் கல்லூரி நாட்களில் ஒரு கிளாஸ் பீர் குடித்தாலே காது வரை சிவந்துவிடுமாம். 'குடித்துக் குடித்துப் பழகிவிட்டது, இப்போது மூன்று கிளாஸ் தாங்கும்' என்கிறார். இந்த உடல்வாகு உள்ளவர்கள் குடிக்கு அடிமையாக மாட்டார்கள் என்று படித்தேன். அப்படியானால் அவருக்கு நல்லதுதானே?

க.

அன்புள்ள க.,

நீங்கள் படித்தது பாதிதான் சரி. உங்கள் நண்பரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது டிஎன்ஏவைச் சிதைக்கும் நச்சு. அதை உடனுக்குடன் முறிப்பது ஏஎல்டிஎச்2 என்ற நொதி. கிழக்காசியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு அந்த நொதியின் மரபணுவில் பழுது. அதனால் நச்சு தேங்கி முகம் சிவக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, குமட்டுகிறது. குடியை விடுவதற்காகக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையும் இதையேதான் செய்கிறது.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தவர்களால் குடிக்கவே முடியாது. அவர்களில் குடிநோயாளிகள் அநேகமாக இல்லை. ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான பிரதி வந்தவர்களின் நிலை வேறு. ஹிகுச்சி குழுவினர் 1994இல் லான்செட் இதழில் வெளியிட்ட கணக்கின்படி, ஜப்பானியக் குடிநோயாளிகளில் இவர்கள் 1979இல் 2.5 சதவீதம், 1986இல் 8, 1992இல் 13. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. சுற்றியிருப்பவர்களின் குடிப்பழக்கம்தான் மாறியிருக்க வேண்டும். மேலதிகாரி ஊற்ற வரும்போது கிளாஸைக் கவிழ்த்து வைக்க எத்தனை பேருக்கு முடியும்?

'பழகிவிட்டது' என்கிறாரே, அதுதான் ஆபத்து. சிவப்பு குறையலாம், நொதி தேறிவிடுவதில்லை. பழுதான ஒற்றைப் பிரதியோடு தொடர்ந்து குடிப்பவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, அதே அளவு குடிக்கும் மற்றவர்களைவிடப் பல மடங்கு. சிலர் சிவப்பு தெரியாமலிருக்க அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொண்டு குடிக்கிறார்கள். அதனால் நிறம் மட்டும்தான் மறையும், நச்சு அப்படியே இருக்கும். அவர் அதைச் செய்யாமல் தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

குரிஹாமா மருத்துவமனையைச் சேர்ந்த அகிரா யோகோயாமாவின் ஆய்வுகளில் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க இரண்டு எளிய கேள்விகள் உண்டு. ஒரு கிளாஸ் பீரில் இப்போது முகம் சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு வருடங்களில் சிவந்ததா? இரண்டாவது கேள்வி உங்கள் நண்பரைப் போன்றவர்களுக்காகவே சேர்த்தது. அந்தப் பதிலை டாக்டரிடம் சொல்லி, எண்டோஸ்கோப்பி தேவையா என்று அவர் கேட்கட்டும்.

அப்புறம், நம்மவர்களிடம் இந்த மரபணு மாற்றம் மிக அரிது. உங்களை எச்சரிக்க அந்தச் சிவப்புகூட இருக்காது. அடுத்த விருந்தில் இரண்டு பேருமே ஊலாங் தேநீர் சொல்லுங்கள். அங்கே அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.