மனச்சோர்வுக்கு சைக்கிள்: எவ்வளவு நேரம், என்ன வேகம், எந்தப் பொழுது?

கேள்வி: எனக்கு 43 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. எடை 75 கிலோ. ஐந்து மாதமாக மனச்சோர்வுக்கு எஸ்சிடலோப்ராம் 10 மி.கி., இரவில் குளோனாசெபம் 0.25 மி.கி. சாப்பிடுகிறேன். பாதி தேவலை. டாக்டர் "உடற்பயிற்சி செய்யுங்க" என்றார், எவ்வளவு என்று சொல்லவில்லை. மாடியில் கிடந்த பழைய சைக்கிளை எடுத்து தினமும் 10 கி.மீ. ஓட்டினேன். ஒரு வாரம்தான் தாக்குப்பிடித்தது. அப்புறம் எழவே முடியவில்லை. இதையும் கெடுத்துக்கொண்டோமே என்று முன்னைவிடச் சோர்ந்துவிட்டேன். காலையில்தான் மனசு ரொம்பக் கனமாக இருக்கிறது. சைக்கிள் ஓட்டினால் உண்மையிலேயே குணமாகுமா? மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். மாத்திரையை நீங்களாக விடாதீர்கள். எஸ்சிடலோப்ராமைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கோளாறு, தலைக்குள் 'ஷாக்' அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பலர் இதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்துபோகிறார்கள். முழுக்கக் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரையைத் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். நீங்கள் இன்னும் பாதி வழியில் இருக்கிறீர்கள். சைக்கிள் மாத்திரையோடு சேர்ந்து ஓடட்டும்.

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய 156 மனச்சோர்வு நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒன்றுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டும். 1999-இல் வெளியான முடிவுப்படி, 16 வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. மாத்திரைக் குழுவில் முன்னேற்றம் கொஞ்சம் சீக்கிரமாகத் தெரிந்தது. 2024-இல் 218 ஆய்வுகளை, மொத்தம் 14,170 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் உடற்பயிற்சியின் பலன் உறுதிப்பட்டது. அதில் முன்வரிசையில் வந்தவை நடை, மெது ஓட்டம், யோகா, எடைப் பயிற்சி. ஆகவே சைக்கிளுக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை. உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, முழங்காலில் உடம்பின் பாரம் இறங்காது, வீட்டை விட்டு வெளியே கொண்டுவரும். இந்த மூன்று காரணம் போதும்.

'எண்டார்ஃபின் சுரக்கும், மகிழ்ச்சி வரும்' என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். ரத்தத்தில் கூடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை, அதனால் இந்த விளக்கம் அரைகுறை. உடம்பே தயாரிக்கும் கஞ்சா வகை வேதிப்பொருள்களான எண்டோகன்னபினாய்டுகள் மூளைக்குள் போகக்கூடியவை. பயிற்சி முடிந்ததும் சில மணி நேரம் இருக்கும் லேசான நிம்மதிக்கு அவற்றின் பங்கு கூடுதல் என்று இப்போது கருதப்படுகிறது. நீண்ட காலப் பலன் வேறு வழியில் வருகிறது. தொடர்ந்த பயிற்சி, நரம்பணுக்கள் கிளைவிட உதவும் பி.டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தூண்டுகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டு வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடந்த முதியவர்களுக்கு மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. இவை எல்லாவற்றையும்விட உங்களுக்கு முதலில் கைகொடுக்கப்போவது எளிமையான விஷயங்கள்: பகல் வெளிச்சம் கண்ணில் படுவது, இரவில் உடம்பு அசந்து தூங்குவது, 'இன்றைக்கு ஒன்று செய்தோம்' என்பது.

எங்கே தவறியது?

மனச்சோர்வில் இருப்பவர், நல்லபடியாக இருக்கும் நாளில் முழு வேகத்தில் ஆரம்பிப்பார். பழக்கம் விட்டுப்போன உடம்புக்கு தினமும் 10 கி.மீ. என்பது அதிகம். தொடைவலி, தூக்கக் குறைவு, களைப்பு மூன்றும் ஒரு வாரத்தில் குவியும். மனச்சோர்வு அந்தக் களைப்பை வாங்கி 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று மொழிபெயர்த்துக் கொடுக்கும். கெட்டுப்போனது உங்கள் மன உறுதி இல்லை, அளவுதான்.

வேகமும் ஒரு காரணம். மூச்சு வாங்கி, பேச்சு துண்டு துண்டாகும் அளவுக்கு மிதித்தால் ஓட்டும்போது அநேகமாக எல்லோருக்குமே மனநிலை இறங்கும். உடம்பு பழகியவர் அதைப் பொறுத்துக்கொள்வார். நீங்கள் மறுநாள் சைக்கிளைத் தொடவே மாட்டீர்கள். வேகம் கூடினால் பலனும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுவது உண்மைதான். ஆனால் அது மூன்றாம் மாதத்துக்கு. இப்போதைக்குச் சோதனை இதுதான்: ஓட்டிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. கையில் கட்டும் கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை நம்ப வேண்டியதில்லை. குறிப்பாக, பதற்றத்துக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. எண்ணைப் பார்த்து மிதித்தால் தாறுமாறாகிவிடும்.

எவ்வளவு வேண்டும்?

மனச்சோர்வு வராமல் தடுப்பதற்குக் கொஞ்சம் போதும். 1,90,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வுகளின் தொகுப்பு 2022-இல் வந்தது. பரிந்துரைக்கப்படும் அளவில் (வாரம் இரண்டரை மணி நேர வேக நடை) பாதி செய்தவர்களுக்கே மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவு. முழு அளவு செய்தவர்களுக்கு 25 சதவீதம்.

வந்த நோய்க்குச் சிகிச்சை என்றால் கணக்கு வேறு. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 17.5 கலோரி செலவழித்தவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் 12 வாரத்தில் 47 சதவீதம் குறைந்தது. கிலோவுக்கு 7 கலோரி மட்டும் செலவழித்தவர்களுக்கு 30 சதவீதம். வெறுமனே கைகால் நீட்டி மடக்கியவர்களுக்கும் அதே அளவுதான். வாரம் மூன்று நாளா ஐந்து நாளா என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் 75 கிலோவுக்கு வாரம் சுமார் 1,300 கலோரி வருகிறது. சாதாரண சைக்கிளில் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 430 கலோரி போல செலவாகும். ஆக, வாரம் மூன்று மணி நேரம். இது பன்னிரண்டாம் வாரத்தில் போய்ச் சேர வேண்டிய இடம், தொடங்கும் இடம் அல்ல.

முதல் இரண்டு வாரம்: வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்குப் பத்தே நிமிடம். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் போய், எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்புங்கள். 'இன்னும் கொஞ்சம் போகலாமே' என்று தோன்றும், திரும்பிவிடுங்கள். ஆசை மிச்சம் இருக்கும்போதே நிறுத்துவதுதான் மறுநாளுக்கான முதலீடு. மூன்று, நான்காம் வாரங்களில் 15 முதல் 20 நிமிடம். ரேஸ்கோர்ஸ் பக்கம் வசதிப்பட்டால், சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். நிதானமாகப் போனால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும், ஒன்றரைச் சுற்று போதும். ஐந்திலிருந்து எட்டாம் வாரம் வரை 30 நிமிடம். அதற்குப் பிறகு வாரம் நான்கு நாள் 45 நிமிடம், அல்லது ஐந்து நாள் 35 நிமிடம். அப்போது வேண்டுமானால் நடுவில் ஒரு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக என்று நான்கு முறை சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் விட்டுப்போனால் அதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக ஓட்டக்கூடாது. முழு வாரமே விட்டுப்போனால் அட்டவணையில் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். உண்மையிலேயே முடியாத நாள் வரும். அன்றைக்குச் சட்டை மாற்றி, சைக்கிளைத் தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பினாலும் அது கணக்கில் சேரும். மனம் சரியானதும் கிளம்பலாம் என்று காத்திருந்தால் இந்த நோயில் அந்த நேரம் வராது. கால் முதலில் போகும், மனம் பின்னால் வரும்.

காலையா, மாலையா?

'அதிகாலையில் எழுந்து ஓட்டு' என்று ஊரே சொல்லும். காலையில் மிக மோசமாகவும் பொழுது ஏற ஏற லேசாகவும் இருப்பது மனச்சோர்வின் ஓர் அறியப்பட்ட வடிவம். அப்படிப்பட்டவரை ஐந்தரை மணிக்கு எழுப்பிச் சைக்கிளில் ஏற்றுவது தோல்விக்கு நாள் குறிப்பது மாதிரி. தவிர, இரவு சாப்பிட்ட குளோனாசெபத்தின் மந்தம் காலையிலும் கொஞ்சம் இருக்கும். பிரேக் பிடிக்கும் கை தாமதிக்கும், அவினாசி சாலை மாதிரி நெரிசலான இடத்தில் அது விளையாட்டல்ல. அலுவலகம் முடிந்து மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு ஓட்டுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம், ஹெல்மெட்டும். காதில் இயர்போன் வேண்டாம். இரவு தூங்கப் போகும் முன் இரண்டு மணி நேரத்துக்குள் வேகமாக ஓட்ட வேண்டாம். மனசு தேறத் தேற, ஒன்றிரண்டு நாளைக் காலைக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்படி மாற்றும்போது தெருநாய்ப் பிரச்சினை ஒன்று உண்டு. துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். நிறுத்தி இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும்.

வண்டி

மாடியில் கிடந்த சைக்கிளை அப்படியே ஓட்டியிருக்கிறீர்கள் என்றால், களைப்பில் பாதி வண்டியால் வந்ததாகவும் இருக்கலாம். கடையில் கொடுத்து ஓவராயில் செய்யச் சொல்லுங்கள்: பால்ரஸ் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ், வீல் பெண்டு எடுப்பது, இறுகிப்போன பிரேக் கட்டைகளை மாற்றுவது, துருப்பிடித்த பிரேக் கேபிள் புதிது. செயினுக்கு மெஷின் ஆயில் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துப் பிசுக்காகிவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றளவை வாரம் ஒருமுறை சரிபாருங்கள். காற்றுக் குறைந்த டயரில் மிதிப்பது தேவையில்லாத தண்டனை.

சீட் உயரம் இன்னும் முக்கியம். சுவரில் ஒரு கையை ஊன்றிச் சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். நம் ஊரில் பெரும்பாலோர் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். முழங்காலின் முன்பக்கம் வலிப்பதற்கு அதுவே முதல் காரணம். பின்பக்கம் வலித்தால் சீட் அதிக உயரம். தொடையிடுக்கில் மரத்துப்போனால் சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறது, மட்டமாக்குங்கள். கியர் இல்லாத வண்டி என்றால் மேட்டில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் வேண்டாம்.

எதைக் கவனிக்க வேண்டும்?

ஐந்து மாத மாத்திரைக்குப் பிறகும் அசதி இவ்வளவு இருந்தால் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்திருந்தால் எத்தனை கிலோமீட்டர் மிதித்தாலும் தேறாது. ரத்த அழுத்தமும் பாருங்கள். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டுதல் வந்தால் அங்கேயே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. லித்தியம் சாப்பிடுபவர்கள் வெயிலில் வியர்க்க ஓட்டித் தண்ணீர் குடிக்காமல் விட்டால் ரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்; கால்வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டாலும் ஏறும். கை நடுக்கம் கூடுவது, பேச்சுக் குழறல், வாந்தி அதன் அறிகுறிகள். அமிட்ரிப்டிலின் சாப்பிடுபவர்களுக்கு வியர்வை குறைவதால் உடம்புச் சூடு தணியாது. ஏப்ரல், மே மாதப் பகலில் ஓட்டவே வேண்டாம். மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய் உள்ளவர்கள் தூக்கமே தேவையில்லாமல் மணிக்கணக்கில் ஓட்டத் தொடங்கினால் அது முன்னேற்றம் அல்ல, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டிய அறிகுறி.

ஓட்டி முடித்ததும் வரும் லேசான நிம்மதி முதல் வாரத்திலேயே தெரியலாம். அது சில மணி நேரத்தில் போய்விடும். நாள் முழுக்க நிற்கும் மாற்றத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். எடை பார்க்கும் மிஷினில் ஏறி அளக்காதீர்கள். எடை குறையாவிட்டால் சைக்கிளே வீண் என்று தோன்றிவிடும். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலும் கிடைக்கிறது, 0 முதல் 27 வரை மதிப்பெண். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பித் தேதி போட்டு வையுங்கள். ஐந்து மதிப்பெண் குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த நேரத்திலும் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எட்டு வாரம் ஓட்டியும் மதிப்பெண் அசையவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மருந்தின் அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம், பேச்சு சிகிச்சை சேர்க்க வேண்டியிருக்கலாம். அந்த மதிப்பெண் தாளையும், எந்தெந்த நாள் எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள் என்ற குறிப்பையும் அடுத்த முறை டாக்டர் முன்னால் வையுங்கள். 'பாதி தேவலை' என்பதைவிட அதை வைத்து அவரால் முடிவெடுக்க முடியும்.