கம்ப்யூட்டர் என்பது முதலில் ஒரு வேலையின் பெயர்

'கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது, எந்திரம் வருவதற்கு முன்பே அது இருந்ததா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது. 1613இலேயே ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் வருகிறது. அங்கே அதற்குப் பொருள், கணக்குப் போடும் ஆள்.

வேர் இலத்தீன். 'புடாரே' என்றால் கிளைகளைக் கழித்துவிடுவது; பிறகு கணக்குப் பார்ப்பது, கருதுவது என்றும் ஆனது. அதோடு 'சேர்த்து' என்ற பொருள் தரும் 'கொம்' முன்னால் ஒட்டி 'கொம்புடாரே'. எண்ணுவதைக் குறிக்கும் 'கவுண்ட்' என்ற சொல்லும் பிரெஞ்சு வழியாக இதிலிருந்தே வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆட்களின் கதைதான். நம் நாட்டிலேயே ஒருவர் இருந்தார். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணியில், 1831இல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காள இளைஞர் சேர்ந்தார். இருபது வயதுகூட ஆகவில்லை. பதவியின் பெயரே கம்ப்யூட்டர். பின்னாளில் தலைமைக் கம்ப்யூட்டர். 'பதினைந்தாம் சிகரம்' என்று மட்டும் குறித்திருந்த ஒரு மலையைச் சமவெளியில் ஆறு இடங்களிலிருந்து அளந்து வந்திருந்தார்கள். நூறு மைலுக்கும் அப்பாலிருந்து பார்த்த கோணங்கள் அவை. பூமியின் வளைவு, காற்றில் ஒளி வளைவது எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, கையாலேயே போட்டுப் பார்த்ததில் 29,002 அடி வந்தது. உலகிலேயே உயரமான சிகரம்! 2020இல் அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், வித்தியாசம் ஒன்பது மீட்டர்தான். சிகரத்துக்கு வைத்ததோ முன்னாள் தலைமை அதிகாரி எவரெஸ்டின் பெயர். சிக்தாரின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும்.

அப்புறம் பெண்கள். ஹார்வர்டு வானாய்வகத்தில் புகைப்படத் தகடுகளைப் பார்த்து நட்சத்திரங்களைக் கணக்கிட்ட பெண்களுக்கும் இதே பதவிப் பெயர்தான். அவர்களில் ஹென்ரியெட்டா லெவிட் 1912இல் வெளியிட்ட விதி (சில நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறையும் காலத்தை வைத்து அவற்றின் உண்மையான ஒளிர்வைச் சொல்வது) இல்லாமல் வானியலாளர் ஹபிளால் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலத்தின் தொலைவை அளந்திருக்க முடியாது. சம்பளம் மணிக்கு ஐம்பது சென்ட்டைக்கூடத் தாண்டவில்லை.

1936இல் கணித அறிஞர் ஆலன் டூரிங் தன் புகழ்பெற்ற கட்டுரையில் இந்தச் சொல்லை எழுதியபோதும், தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் சொன்னார். எந்திரத்துக்கு இந்தப் பெயர் இடையிடையே வந்திருந்தாலும், நிலைத்தது 1940களில், எனியாக் போன்ற மின்னணுக் கணக்கு எந்திரங்கள் வந்த பிறகுதான். எனியாக்கை முதலில் இயக்கப் பழகிய ஆறு பெண்களும் அதற்கு முன் கம்ப்யூட்டர்களாக வேலை பார்த்தவர்கள்.

ஆள், எந்திரம் என்ற இரண்டு பொருளும் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் கொஞ்சகாலம் சேர்ந்தே இருந்தன. 1962இல் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படும் முன், ஐபிஎம் எந்திரம் தந்த எண்களைக் அங்கே வேலை பார்த்த கேத்தரின் ஜான்சன் கையால் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1953இல் அந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ஜான்சனுக்கும் அதே பதவிப் பெயர்தான்.