வீட்டில் பாட்டுப் பதிவு: எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: மிருதங்கம் வாசிக்கிறேன் அண்ணா. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போதுமா, 2ஐ2 வேண்டுமா? இரண்டிலுமே இரண்டு இன்புட் என்றுதான் போட்டிருக்கிறது.

பதில்: அந்த இரண்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சோலோவில் மைக் இன்புட் ஒன்றே ஒன்று. மற்றது கிட்டார், கீபோர்டு செருகுவதற்கு. 2ஐ2-வில் இரண்டிலும் மைக் போடலாம். மிருதங்கத்துக்கு வலந்தலைப் பக்கம் ஒன்று, தொப்பிப் பக்கம் ஒன்று வைத்து இரண்டு டிராக்காக எடுத்தால்தான், தொப்பியில் எழும் கும்கியைப் பிறகு தனியாகக் கூட்டவோ குறைக்கவோ முடியும். அதனால் உங்களுக்கு 2ஐ2. பாடகரையும் கூடவே உட்கார வைத்துப் பதிவு செய்வீர்கள் என்றால் அதுவும் பற்றாது, நான்கு மைக் போடும் மாடலுக்குப் போங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் உள்ள மைக் கேபிள்) இன்புட் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: ஷூர் எஸ்எம்7பி வைத்திருக்கிறேன். கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) முழுசாகத் திருகினாலும் குரல் சன்னமாகவே விழுகிறது. மைக் பழுதா சார்?

பதில்: பழுது இல்லை. அந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. மூன்றாம் தலைமுறை 2ஐ2 தருவது 56 டெசிபல். நான்காம் தலைமுறை 69. உங்களிடம் இருப்பது பழையது என்றால் நடுவில் ஒரு சின்ன பூஸ்டர் போட்டாலே சரியாகிவிடும்.

கேள்வி: 192 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) உள்ளதாகப் பார்த்து வாங்கணுமா?

பதில்: வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.

கேள்வி: பாடும்போது என் குரலே ஹெட்போனில் எனக்குத் தாமதமாகக் கேட்கிறது. தாளம் தவறிவிடுகிறது.

பதில்: குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வருகிற நேரம் அது. பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 1024 சாம்பிள் என்றால், 48 கிலோஹெர்ட்ஸில் அது மட்டுமே 21 மில்லிசெகண்ட். 128-க்கு இறக்கினால் மூன்றுக்கும் கீழே. விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போடுங்கள். இதைவிட எளிய வழி, பெட்டியிலேயே இருக்கும் டைரக்ட் மானிட்டர். அதை அழுத்தினால் குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமல் நேராகக் காதுக்கு வரும். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரட்டைக் குரலாகக் கேட்கும்.

அப்புறம், சுருதியையும் ஹெட்போனிலேயே கேளுங்கள். தம்புரா ஆப்பை ஸ்பீக்கரில் வைத்து முழு வர்ணம் ஒன்றைப் பாடிப் பதிவு செய்தேன் ஒருமுறை. குரலோடு தம்புராவும் மைக்கில் ஒட்டிக்கொண்டது, பிரிக்கவே முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடினேன்.

கேள்வி: 48வி பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். எஸ்எம்58 போய்விட்டதா?

பதில்: போகாது. அது கண்டென்சர் மைக்குக்கான மின்சாரம். சாதாரண எக்ஸ்எல்ஆர் கேபிளில் இணைத்த எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கை ஒன்றும் செய்யாது. பழைய ரிப்பன் மைக் என்றால்தான் பயம்.

கேள்வி: லேப்டாப்பில் சார்ஜர் போட்டால் ஸ்பீக்கரில் 'ங்ம்ம்' என்று இரைச்சல். இன்டர்ஃபேஸை மாற்றணுமா அண்ணா?

பதில்: காசை வீணாக்காதீர்கள். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் அது எர்த் விவகாரம். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்போதும் போகவில்லையா, பதிவு செய்யும் நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள். எர்த் பின்னை வெட்டிவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஷாக் அடிக்கும், அதை மட்டும் செய்யாதீர்கள்.