தரைத்தள வீடும் மும்பை மழையும்

கேள்வி: தாராவியில் தரைத்தள வீட்டில் இருக்கிறோம். பெருமழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?
– வாசகி, மும்பை

பதில்: மழை எச்சரிக்கையோடு கடலேற்ற நேரத்தையும் பாருங்கள். கடல் மட்டம் நாலரை மீட்டரைத் தாண்டும் வேளையில் கனமழையும் சேர்ந்தால், வடிகால் நீர் கடலுக்குள் இறங்க வழியின்றித் தெருவிலேயே தேங்கிவிடும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியபோது மித்தி ஆறு கரைபுரண்டதை உங்கள் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள்.

ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றைக் கனமான பிளாஸ்டிக் உறையில் கட்டி, இப்போதே பரணில் ஏற்றிவிடுங்கள். கேஸ் சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நின்ற நீரில் கால் வைத்துக்கொண்டு அதைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

வெள்ளத்தில் நடந்தவர்கள், குறிப்பாகக் காலில் புண் உள்ளவர்கள், எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை குறித்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கேட்பது அவசியம். மாநகராட்சியின் உதவி எண் 1916.