சினை மாட்டின் முன்மார்பு வீக்கமும் புடைத்த கழுத்துச் சிரையும்

கேள்வி: எங்கள் கலப்பின ஜெர்சி மாடு 7 மாதச் சினை. பத்து நாள்களாகச் சரியாகத் தீவனம் எடுப்பதில்லை. முன்னங்கால்களுக்கு நடுவே வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. கழுத்து நரம்பு கயிறு போல் தடித்திருக்கிறது. இது இரத்தக் குறைவா? டானிக் கொடுத்தால் போதுமா?

பதில்: டானிக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம். நீங்கள் நரம்பு என்று சொல்வது, தலையிலிருந்து இதயத்தின் வலப்புறத்துக்கு இரத்தம் திரும்பும் சிரையாகும். குடற்புழுக்களால் இரத்தம் குறைந்து வரும் வீக்கம் பெரும்பாலும் தாடைக்குக் கீழே தோன்றும். கண்ணின் உள்ளிமை வெளுத்திருக்கும். ஆனால் சிரை புடைக்காது.

மாடு தலையை இயல்பாக வைத்து நிற்கும்போது, கழுத்தின் நடுவில் அந்தச் சிரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். விரலுக்கு மேலே சிரை புடைப்பது இயல்பு. கீழே, நெஞ்சுப் பக்கம், இரத்தம் வடிந்து தட்டையாகிவிட வேண்டும். அங்கும் புடைப்பு அப்படியே நின்றால், இரத்தம் இதயத்துக்குள் இறங்க வழியின்றித் தேங்குகிறது என்று பொருள்.

கறவை மாடுகளில் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது தீவனத்தோடு உள்ளே போன கம்பியோ ஆணியோதான். மாடு முதலில் நன்றாக மெல்லாமல் விழுங்கிவிடுவதால், அந்த இரும்பு இரைப்பையின் ஓர் அறையான வலைப்பையில் போய்த் தங்கும். வலைப்பைக்கும் இதயத்துக்கும் இடையே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் சில சென்டிமீட்டர் இடைவெளியும் மட்டுமே இருப்பதால், கன்று வளர்ந்து வயிற்றின் அழுத்தம் கூடும்போது கம்பி முன்னே தள்ளப்பட்டு இதய உறையைக் குத்திவிடுகிறது. உறைக்குள் சீழும் நீரும் சேரும்போது, உடல் முழுவதற்கும் இரத்தம் தள்ளும் தடித்த இடப்புறத்தைவிட, மெல்லிய சுவருடைய வலப்புறமே முதலில் நசுங்குகிறது. அது விரிய முடியாததால் சிரைகளில் இரத்தம் தேங்கி, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, தாழ்வான முன்மார்பில் இறங்குகிறது.

முன்னங்கால் முட்டிகளை விரித்து நிற்கிறதா, சரிவில் இறங்கத் தயங்குகிறதா, படுக்கும்போது முனகுகிறதா என்று கவனித்து, கால்நடை மருத்துவரை இன்றே அழைத்துச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 80 வரை துடிக்க வேண்டிய இதயம் 100-ஐத் தாண்டி, துடிப்பொலியோடு நீர் அலசும் ஓசையும் கேட்டால் ஐயம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். மருத்துவர் பார்க்கும் முன் சலைன் ஏற்றாதீர்கள். தேங்கிய இரத்தத்தோடு அதுவும் சுமையாகும்.

கம்பி வலைப்பையில் இருக்கும்போதே அறுவை செய்து எடுத்தால் மாடு பிழைக்கும்; உறையில் சீழ் பிடித்தபின் பிழைப்பது அரிது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். மற்ற மாடுகளுக்கு வலைப்பையில் தங்கும் காந்தத்தை மருத்துவர் மூலம் விழுங்கச் செய்யலாம். வைக்கோல் கட்டின் கம்பியை அறுத்தவுடன், துண்டுகளை எண்ணித் தனி டப்பாவில் போடுங்கள்.