தங்கச்சிமடத்து அண்ணனுக்கு: ஸ்காலர்ஷிப் நின்ற காரணமும் இனிச் செய்ய வேண்டியதும்

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பாவுக்குச் சொந்தப் படகு கிடையாது, விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். வந்ததும் மகனின் போனை வாங்கி, ரிசல்ட் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங், இரண்டாம் செமஸ்டர். நான்கு பாடங்களுக்கு எதிரே 'யு' என்று ஒற்றை எழுத்து. "யு-ன்னா பாஸா டீச்சர்?" என்று கேட்டார். பையன் குனிந்த தலையைத் தூக்கவில்லை. அம்மா மட்டும் அவன் முகத்தைப் பார்த்து, தேறவில்லை என்று புரிந்துகொண்டார்.

அன்றைக்கு நான் சமாதானமாகத்தான் பேசினேன். முதல் வருஷம் எல்லோருக்கும் கொஞ்சம் தடுமாறும், அரியரை எழுதிக்கொள்ளலாம், ஸ்காலர்ஷிப்புக்கு வேறு வழி பார்க்கலாம் என்றெல்லாம் சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொன்னது தவறு என்று இரவே தோன்றிவிட்டது. அதனால் அண்ணே, சொல்ல வேண்டியதை இப்போது நேராகவே எழுதுகிறேன். உங்களைப் போல இந்தக் கரையில் இருக்கிற மற்ற வீடுகளும் படிக்கட்டும்.

முதலில் உங்கள் கேள்வி. "நல்லா படிக்கிற பையன்னுதான டீச்சர் கவர்மெண்டு பணம் குடுத்துச்சு, இப்ப ஏன் நிறுத்துது?"

தம்பிக்கு வந்தது மத்திய அரசின் சென்ட்ரல் செக்டர் ஸ்காலர்ஷிப். பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்கு மேற்படாத பிள்ளைகளுக்குக் கிடைப்பது. முதல் மூன்று வருஷம் ஆண்டுக்கு 12,000 ரூபாய். இன்ஜினியரிங் என்றால் நான்காம் வருஷம் 20,000. பிளஸ் டூ மார்க் அதை வாங்கித் தந்ததோடு சரி. அடுத்தடுத்த வருஷம் அது தொடர வேண்டுமானால் வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க இரண்டு நிபந்தனை. தேர்வில் 50 சதவீத மதிப்பெண், வருகைப் பதிவு 75 சதவீதம். தம்பிக்கு இரண்டுமே இல்லை.

வருகைப் பதிவு ஏன் குறைந்தது என்று உங்களுக்கே தெரியும். படகு பிடிபட்டு நீங்கள் அக்கரையில், இலங்கைச் சிறையில் இருந்த ஐந்து வாரமும் அவன் வீட்டோடு இருந்தான். மதினியைத் தனியாக விட்டுவிட்டு எந்தப் பிள்ளை ஹாஸ்டலில் உட்கார்ந்திருப்பான்? அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 68 சதவீதம்தான் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் 65-க்கும் 75-க்கும் நடுவில் இருந்தால், ஏற்கத்தக்க காரணம் காட்டித் தேர்வெழுத அனுமதி வாங்கலாம். அப்படித்தான் கல்லூரியில் பணம் கட்டி எழுதினான். "காலேஜே விட்டுருச்சே" என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள். கல்லூரி விட்டது வேறு, ஸ்காலர்ஷிப் விதி வேறு. தேர்வுக்குக் கிடைத்த அந்தச் சலுகை இதற்குச் செல்லாது. இப்படி ஒரு கஷ்டம் வந்தால் துறைத்தலைவருக்கு அன்றைக்கே எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். செமஸ்டர் முடிந்த பிறகு போய் நின்றால் கேட்க ஆளிருக்காது.

மற்ற உதவிகளுக்கும் இப்படித்தான் ஏதாவது கண்ணி உண்டு. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அடுத்த வகுப்புக்குத் தேறிப் போனால்தான் தொடரும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய், படிப்பை நிறுத்தினால் நின்றுவிடும். அட்மிஷன் சமயத்தில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. "ஸ்காலர்ஷிப் வரும், பார்த்துக்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சரி, இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் 12,000 நின்றதைப் பெரிதாகப் பேசினீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேனேஜ்மென்ட் கோட்டா சீட், வருஷத்துக்கு ஒன்றேகால் லட்சம். ஹாஸ்டல் 80,000. கூட்டினால் இரண்டு லட்சத்துக்கு மேல். அதில் 12,000 எந்த மூலைக்கு? பெரிய விஷயம் தொகை இல்லை, அது நின்ற காரணம். அந்தக் காரணம் இன்னும் மூன்று வருஷம் உங்கள் வீட்டிலேயே இருக்கப்போகிறது.

ஏனென்றால் உங்கள் மச்சினர் சொல்லும் அடுத்த வழி கல்விக் கடன். "7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமலே தருவான் மாமா, வாங்கிக் கட்டுங்க" என்கிறார். அடமானம் கேட்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் வங்கி முழுப் பணத்தையும் ஒரே நாளில் தருவதில்லை. வருஷாவருஷம் தவணையாகத்தான் வரும், ஒவ்வொரு தவணைக்கும் முந்தைய வருஷத்து மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். படிப்புக் காலத்துக்கும் அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கும் வட்டியை அரசே கட்டும் மத்தியத் திட்டம் இருக்கிறது. பாதியில் நிறுத்தினாலோ, தேறாமல் வெளியேற்றப்பட்டாலோ அந்தச் சலுகையும் போய்விடும். அப்போது அசலும் வட்டியும் சேர்ந்து யார் தலையில்? கடன் பத்திரத்தில் தம்பியோடு கையெழுத்துப் போடப்போவது நீங்கள். மச்சினர் இல்லை.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணம் 8,000 ரூபாய். தடை முடிந்து படகு இறங்கி, முதல் தடவை வலை போட்டதில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதற்குள் கல்லூரிக் கட்டணத்துக்கு நோட்டீஸ் வந்துவிடும். போன வருஷம் மதினியின் சங்கிலி அடகுக்குப் போனது அந்த மாதம்தான். இந்த வருஷம் போவதற்குச் சங்கிலி இல்லை, மீட்டர் வட்டிதான் இருக்கிறது. அதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தப் படிப்புக்காகவும் கூடாது.

மச்சினர் கெட்டவர் இல்லை. சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறார், அக்கா மகனும் அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அவருக்குப் பிடித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ், அவருக்கு அது வந்தது. தம்பிக்கு வரவில்லை. நீங்கள் வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் அவனிடம் கேட்டேன், எந்தப் பாடம் பிடித்தது என்று. "கிராஃபிக்ஸ் டீச்சர். அப்புறம் ஒர்க்ஷாப்" என்றான். அந்த இரண்டில்தான் நல்ல மார்க். விழுந்தது கணக்கிலும் புரோகிராமிங்கிலும்.

பெரியப்பா வீட்டு நாட்டுப்படகின் இன்ஜினைப் பற்றிக் கேட்டேன். அதுவரை வாய் திறக்காத பையன், என் மேஜையில் கிடந்த பழைய செலான் தாளைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்துவிட்டான். கடல் தண்ணீர் எந்தக் குழாயில் ஏறி எங்கே சூட்டை வாங்கிக்கொண்டு எங்கே வெளியே விழுகிறது, எந்த வளைவில் உப்புப் படிந்து அடைக்கும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினான். நாசில் அடைத்திருக்கிறதா, டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவானாம். அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. உங்களிடம் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

அரசு பாலிடெக்னிக், கலைக் கல்லூரி எல்லாம் உங்களுக்கே தெரியும், அதில் நேரம் போக்க வேண்டாம். நம் கரையில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சிஃப்நெட். மத்திய அரசின் மீன்வளத் துறையின் கீழ் வரும் பயிற்சி நிறுவனம். 1963-இல் கொச்சியில் தொடங்கியது. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. சென்னைக் கிளை இராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகம் இருக்கிற பக்கம்.

அங்கே மரைன் ஃபிட்டர் என்று ஒரு படிப்பு. இரண்டு வருஷம். வயது 16-லிருந்து 20-க்குள். பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தனித்தனியே 40 சதவீதம் இருந்தால் போதும். தம்பிக்கு அதைப்போல் இருமடங்கு இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு. கப்பல் டீசல் இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பது, லேத், வெல்டிங், ஐஸ் அறைக்கான குளிர்பதன இயந்திரம், மின் வேலை எல்லாம் பட்டறையில் கையால் செய்து படிக்க வேண்டும். அப்புறம் நிறுவனத்தின் சொந்தப் பயிற்சிக் கப்பல்களில் கடலுக்குக் கூட்டிப்போவார்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் தருகிறார்கள். ஐடிஐ படிப்புகளுக்கு உள்ளதைப் போலவே தேசிய அளவில் செல்லும் சான்றிதழ்.

முடித்தால் என்ன ஆகும் என்று மதினி கேட்பார். இந்தச் சான்றிதழோடு கப்பலில் குறிப்பிட்ட காலம் வேலை பார்த்த பிறகு, மீன்பிடிக் கப்பல் இன்ஜின் டிரைவருக்கான அரசுத் தேர்வை எழுதலாம். அதற்கு மேலே இன்ஜினியர் தகுதிக்கும் போகலாம். ஃபிஷரி சர்வே ஆஃப் இந்தியாவின் ஆய்வுக் கப்பல்கள், ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்கள், துறைமுக இழுவைப் படகுகள் போன்றவற்றில் இன்ஜின் அறைக்கு இப்படிப் படித்த ஆள் வேண்டும். எதுவும் அமையாமல் ஊருக்கே திரும்பினாலும், பாம்பனிலிருந்து மண்டபம் வரை கிடக்கிற விசைப்படகுகளுக்கு இன்ஜின் பார்க்க முறையாகப் படித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அதே நிறுவனத்தில் வெசல் நேவிகேட்டர் என்று இன்னொரு இரண்டு வருஷப் படிப்பு உண்டு, கப்பலைச் செலுத்துகிறவர்களுக்கானது. பட்டம்தான் வேண்டும் என்று மச்சினர் பிடிவாதம் பிடித்தால், கொச்சியில் நான்கு வருஷ நாட்டிக்கல் சயின்ஸ் பட்டப்படிப்பும் இருக்கிறது. ஆனால் அதில் கணக்கு வேண்டும். தம்பி தானாகக் கேட்டாலொழிய அதை நான் எடுத்துச் சொல்ல மாட்டேன்.

"கடல் வேண்டாம்னுதான டீச்சர் படிக்கவே வச்சோம்" என்று கிளம்பும்போது மதினி சொன்னார். அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. பயம் நியாயமானது, அந்த ஐந்து வாரம் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் மதினி, பங்குக்கு வலை இழுக்கப் போவதும், சம்பளத்துக்கு இன்ஜின் அறையில் நிற்பதும் ஒன்றில்லை. கரையிலேயே, துறைமுகப் பட்டறைகளிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. கடலா கரையா என்பதை அவன் 21 வயதில் முடிவு பண்ணட்டும்.

ஒரு எச்சரிக்கை. "கப்பல் வேலை, மூணு லட்சம் குடுத்தா சேர்த்துவிடுறோம்" என்று ஏஜென்ட் யாராவது வருவார். நான் சொல்வதும் அதுவும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளாதீர்கள். சிஃப்நெட் அறிவிப்பு அவர்கள் இணையதளத்தில் வரும், விண்ணப்பமும் அங்கேதான். நடுவில் ஆள் கிடையாது, யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

இப்போதைய கல்லூரியை விட்டு வரும்போது, மீதி மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். விலகும் மாணவரிடம் அடுத்தடுத்த வருஷங்களின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது, தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு மேலே இருக்கிற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் விதி. எழுத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாம் வருஷக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டும் முன்னால் இதைச் செய்ய வேண்டும். கட்டிவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

ஒரு வருஷம் வீணாகிவிட்டதே என்பீர்கள். ஆமாம், வீணாகிவிட்டது, இரண்டு லட்சமும் போய்விட்டது. அதைத் திருப்பி எடுக்க இன்னும் ஆறு லட்சம் போடுவதற்கு என்னால் துணைநிற்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் தம்பியே வாய்திறந்து, "எனக்கு கம்ப்யூட்டர்தான் வேணும், நாலு அரியரையும் எழுதிருவேன்" என்று சொன்னால், அதற்கும் வழி இருக்கிறது. பல்கலைக்கழக விதிப்படி நான்கு வருஷப் படிப்பை ஏழு வருஷத்துக்குள் முடிக்கலாம். கணக்குக்கு டியூஷன் ஏற்பாடு பண்ணித் தருகிறேன். ஆனால் அது அவன் வாயிலிருந்து வர வேண்டும்.

அடுத்த அறிவிப்பு வரும்வரை அவனைப் படகில் ஏற்றாதீர்கள். மண்டபத்தில் எனக்குத் தெரிந்த இன்ஜின் பட்டறை ஒன்று இருக்கிறது, காலையில் அங்கே போகட்டும். மாலையில் பத்தாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் எடுத்துவைத்து நுழைவுத் தேர்வுக்குப் படிக்கட்டும்.

படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கல்லூரியில் பணம் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். மச்சினரும் வருவதென்றால் வரட்டும், அவருக்கும் அந்தச் செலான் தாளைக் காட்டுகிறேன். முதலில் தம்பி பேசட்டும், அவன் பேசி முடிக்கும்வரை நாம் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருப்போம்.